பக்கத்துக் கட்டிலுக்குப் போன சாப்பாடு

என் கணவர் என்னை முதன்முதலாக "மதாம்" என்று கூப்பிட்டது லாச்சப்பல் மெட்ரோப் பாலத்துக்குக் கீழே வைத்துத்தான்.

எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடத்துக்கு மேல். சாதாரணமாக "இஞ்சேரும்" என்பார், கோபம் வந்தால் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அன்றைக்கு என் முகத்தை நேராகப் பார்த்து, நல்ல பிரெஞ்சில், "மன்னிக்கவேண்டும் மதாம், கார் து நோர் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கார் து நோர் ரயில் நிலையம் அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அதற்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தின் குசினியில்தான் ஓய்வு பெறும்வரை சமைத்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தத் தெருக்களில் நடப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் காசு வாங்கும் இடத்தில் நிற்கிறேன். கந்தசஷ்டிக் காலம், கடையில் வாழைப்பழத்துக்கும் இளநீருக்கும் வரிசை. பக்கத்துத் தேநீர்க் கடைத் தம்பி ஓடிவந்து, "அக்கா, அண்ணை பாலத்துக்குக் கீழை நிண்டு முழிசிறார், ஒருக்கா ஓடி வாங்கோ" என்றான். கையில் இருந்த முருங்கைக்காயோடேயே ஓடினேன். குளிர் தொடங்கிவிட்ட நாள். ஆனால் அவருடைய சேட்டு வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் யாரென்று தெரியாமல் அவர் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதாவிட்டால் மற்றது விளங்காது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு மயக்கம் என்றால் முதல் வைத்தியம் இனிப்பு. அந்தத் தம்பி தகரத்தில் வருகிற கட்டியான ரின்பால் ஊற்றி, சீனியும் அள்ளிப் போட்டு, ஆவி பறக்கத் தேநீர் கொண்டுவந்தான். "பொம்பியே வரட்டும், அதுக்கு முதல் இதைக் குடியுங்கோ அண்ணை." இவர் குழந்தைப் பிள்ளை மாதிரிக் குடித்தார். இன்னொன்றும் கொண்டுவந்தான், அதையும் குடித்தார். இந்த நாட்டில் அம்புலன்ஸ் வேலையும் பார்க்கிற தீயணைப்புக்காரர்களைத்தான் பொம்பியே என்பார்கள். அவர்கள் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது சீனி கூடுதலாகக் காட்டியது. இவருக்குப் பல வருடமாக நீரிழிவு என்று சொன்னேன். தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். தேநீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதையெல்லாம் ஒரு விசயமாகச் சொல்லவேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

உண்மையில் மறதி அந்த வருடம் முழுவதும் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருப்பது நகருக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில். ஒருநாள் வீட்டுக்கு வர ரயில் ஏறியவர் கார்ஜில் இறங்காமல் கூசேன்வில் வரை போய், அங்கே நிலைய வாங்கிலில் உட்கார்ந்திருந்தார். விமான நிலையத்தில் வேலை முடித்து வந்த ஊர்க்காரர் ஒருவர் கண்டு கூட்டிக்கொண்டுவந்து விட்டார். நித்திரையாகிப் போனேன் என்றார், நம்பினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். மகளின் பெயருக்குப் பதிலாக என் தங்கையின் பெயரைச் சொல்வார். குடும்ப மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, மூன்று மாதச் சீனியின் சராசரி சற்றுக் கூடியிருக்கிறது, கூடிய சீனி மூளைக்குக் கூடாது என்று சொல்லிக் காலைக் குளிசையைக் கூட்டினார். குளிசை கூடிய பிறகு மறதியும் கூடியது. வருத்தம் முற்றுகிறது என்று நினைத்தோம்.

எங்கள் மகள் ஆரணி பொண்டியில் இருக்கிறாள், வங்கி ஒன்றில் வேலை. அம்மா, இது அல்ஸைமராக இருக்கலாம் என்று அவள்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். சாவைப் பற்றிய பயம் இல்லை. ஒருநாள் விடிய எழும்பி, பக்கத்தில் படுத்திருக்கிற என்னைப் பார்த்து நீர் ஆர் என்று கேட்பார், அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்ற பயம். பாலத்துக்குக் கீழே அந்தக் கேள்வி வந்தே விட்டது.

அவசரப் பிரிவில் நாங்கள் காத்திருந்ததை நீட்டி எழுதப் போவதில்லை. அங்கே போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்களுக்கு நான் சொல்லி விளங்காது. ஒரு பிளாஸ்டிக் கதிரை, முறைத்துப் பார்க்கிற ஒரு கதவு. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் பாதி எழும்புவோம், பிறகு உட்காருவோம். தலையைப் படம் பிடித்தார்கள். புதிதாக இரத்த அடைப்போ கசிவோ இல்லை, ஆனால் பழைய சின்னச் சின்னத் தழும்புகள் இருக்கின்றன என்றார்கள். கையில் சேலைன் ஏற்றினார்கள். ஞாபகத்தைச் சோதிக்க முதியோர் பிரிவில் சில நாட்கள் வைத்திருக்கவேண்டும் என்று மேலே கொண்டுபோனார்கள்.

அறையில் இரண்டு கட்டில். யன்னலோரக் கட்டிலில் ஒரு சீனப் பெரியவர், முசியே லின். இவரைவிட வயது கூட. வட்ட முகம், பெரிய வயிறு, எந்நேரமும் சிரிப்பு. பக்கத்தில் அவருடைய மனைவி, சின்ன உருவம், பஞ்சு வைத்துத் தைத்த மேற்சட்டை, நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தார். அவர்கள் பெல்வில் பக்கம், முன்பு தோல்பை மொத்த வியாபாரம். எனக்குச் சீனம் தெரியாது, மதாம் லின்னுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருடைய பிரெஞ்சும் கடையில் விற்கவும் வாங்கவும் பழகிய பிரெஞ்சு. வினைச்சொல்லை அவர் விழுங்குவார், நான் ஆண்பால் பெண்பாலைக் குழப்புவேன். ஆனால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்காமல் போனதேயில்லை. அவர் பேசியதைத் தமிழில் இப்படித்தான் எழுத முடிகிறது.

"என் மனுசன், முந்தி கணக்கு எல்லாம் தலைக்குள்ளே. கல்குலேற்றர் வேண்டாம். இப்ப தலை உடைஞ்சு போச்சு," என்றார் முதல் நாளே.

முசியே லின்னுக்கும் நீரிழிவு, பிரஷர், கொலஸ்ட்ரோல். அவருக்கு இன்னொரு வினை, சாப்பிட்டதை மறந்துவிடுவார். தட்டை எடுத்துக்கொண்டு போன கையோடு, இன்னும் சாப்பாடு வரவில்லையே என்று மணியை அடிப்பார். நான் பையைத் திறந்தால் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். மதாம் லின் அவருடைய அலுமாரிக்குப் பூட்டுப் போட்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு தாதி விரலில் குத்தும்போது எண் என்ன என்று எட்டிப் பார்த்து, தன் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்வார். ஒருநாள் அவர், எங்கள் ஊரில் வயது போகப் போக வயிறு வைத்தால் பாக்கியம் என்பார்கள், பன்றிக் கொழுப்பும் சோறுமாக நான்தான் போட்டுப் போட்டு வளர்த்தேன் என்று சொல்லித் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் மதாம் என்றேன். இவருடைய வயிறும் வேட்டிக்கு மேலே நன்றாகவே தெரியும்.

மருத்துவர் ஓர் இளம் பெண். அவசரப்படாமல் பேசுவார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே விளங்கப்படுத்தினார். சீனி, இரத்த அழுத்தம், இரத்தத்தில் கொழுப்பு, வயிற்றுக் கொழுப்பு, இவை நான்கும் கூட்டாக வந்தால் உடம்பு சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற வேலை குழம்பிவிடுகிறது. அந்தக் குழப்பம் பல வருடம் ஓடினால் மூளைக்குள் மயிர்போல ஓடுகிற குழாய்கள் தடித்து அடைபடும். பெரிதாக ஒன்று அடைபட்டால் பாரிசவாதம், சிறிது சிறிதாக அடைபட்டால் மறதி. சீன ஆட்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும் கைகால் மெலிவாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடும், அதனால் கண்ணாடியில் பார்த்து ஏமாந்துபோவார்கள் என்றார். மதாம் லின்னும் நானும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டில்களையும் பார்த்தோம்.

பிறகு கேள்விகள். குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறாரா? "ஓம் டொக்டர், ஒருநாளும் பிசகமாட்டார்." நன்றாகச் சாப்பிடுகிறாரா? "நல்லாச் சாப்பிடுவார்." மது? இல்லை. மருத்துவர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார், "ரமழான் நோன்பு பிடிப்பாரா?"

"நாங்கள் இந்துக்கள், டொக்டர்."

"நல்லது," என்று சொல்லி அந்தப் பெட்டியில் இல்லை என்று குறித்தார். நான் பொய் சொல்லவில்லை. இதை இத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், இன்றும் நான் சொன்னதில் பொய் எதுவும் தெரியவில்லை.

ஞாபகச் சோதனை அடுத்த நாள். ஆரணி மொழிபெயர்த்தாள். மொழிபெயர்க்கிறேன் என்று பாதிப் பதிலையும் தானே சொல்லப் பார்த்தாள், மருத்துவர் கையைக் காட்டி நிறுத்தினார். கதிரை, வாழைப்பழம், மணிக்கூடு என்று மூன்று சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். இவருக்கு வாழைப்பழம் மட்டும் மிஞ்சியது. வட்டம் ஒன்றைக் கீறிக் கொடுத்து மணிக்கூட்டின் இலக்கங்களை எழுதச் சொன்னார். இவர் எல்லா இலக்கங்களையும் வலது பக்கமே நெருக்கி எழுதினார். எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிழை என்று அவருக்கே விளங்கிவிட்டது, எங்கே பிழை என்றுதான் விளங்கவில்லை. தாளை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். ஆரணி வெளியே போய் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஆரம்பநிலை மறதி நோயாக இருக்கலாம், இன்னும் சோதனைகள் வேண்டும், வீட்டில் தனியே விடவேண்டாம் என்றார். எனக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை. இவரைப் பார்க்க வேலையை விடவேண்டும், அல்லது இவரை எங்கேயாவது விடவேண்டும். ரயிலில் கார்ஜ் வரும்வரைக்கும் இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் களைப்புத்தான் வந்தது.

ஆனால் ஒரு புதினமான விசயம் நடந்தது. நாள் போகப் போக இவர் தெளிந்து வந்தார். வந்த அன்று கந்தசஷ்டி என்பதே அவருக்கு ஞாபகமில்லை, வைத்த தட்டையெல்லாம் பேசாமல் சாப்பிட்டார். உப்புச் சப்பில்லாத மசித்த உருளைக்கிழங்கும், யோகுர்ட்டும், தண்ணீரில் அவித்த கரட்டும். மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "இஞ்சேரும், இந்தக் குசினிக்காரனை நான் ஒருக்காப் பார்க்கவேணும், உப்பு எண்டா என்னெண்டு சொல்லிக் குடுக்கவேணும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அதற்கடுத்த நாள் ஆரணியின் பெயரைச் சரியாகச் சொல்லி, அவளுடைய வங்கி வேலையைப் பற்றியும் கேட்டார். மருத்துவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தாள்களைப் பார்த்தார். மறதி நோய் இப்படி நாளுக்கு நாள் திரும்பி வராதே என்றார்.

தெளிவு வந்ததும் கிழமையும் ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போனது.

வெள்ளிக்கிழமை நான் கடையில் அரைநாள் நின்றுவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் போனேன். மதாம் லின்னும் அப்போதுதான் வந்து மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்தால் முசியே லின்னுடைய மேசையில் இரண்டு தட்டு, ஒன்றின் மேல் ஒன்று, இரண்டும் வழித்துத் துடைத்ததுபோல. இவருடைய மேசை வெறுமையாக இருந்தது. முசியே லின் மடியில் துணியை விரித்தபடி எங்களைப் பார்த்துச் சந்தோசமாகச் சிரித்தார்.

மதாம் லின் ஒரு கணம் தட்டுகளைப் பார்த்தார், அடுத்த கணம் இவர்மேல் பாய்ந்தார். "நீங்க குடுத்தது! ஏன் குடுத்தது? இவருக்குச் சீனி! இவரைக் கொல்லுறது!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நோயாளியாகப் படுத்திருக்கிற மனுசனிடம் இப்படிக் கத்தலாமா? "உங்கட மனுசன்தான் பறிச்சுச் சாப்பிட்டிருப்பார். ஒவ்வொரு நாளும் மற்றாக்களின்ட தட்டைத்தானே பார்க்கிறவர்" என்றேன். அவர் ஏதோ சீனத்தில் சொன்னார். நானும் தமிழில் சொன்னேன். பிரெஞ்சு இல்லாமலே நன்றாகச் சண்டை பிடித்தோம். நடுவில் அவர் சட்டென்று நிறுத்திவிட்டு இவருடைய முகத்தைப் பார்த்தார்.

"இவர் சாப்பாடு இல்லை," என்றார் மெதுவாக, பிறகு புருசனுடைய கட்டிலடியில் கிடந்த இரண்டு காலைப் பாண் உறைகளைக் காட்டினார். "காலையும் இல்லை. பாருங்க, வேர்வை."

இவருடைய நெற்றியில் வியர்வை மணிமணியாக நின்றது. "என்னப்பா, என்ன செய்யுது?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். பாலத்துக்குக் கீழே பார்த்த அதே பார்வை. உதடு ஏதோ சொல்லப் பார்த்தது, சொல் வரவில்லை. மதாம் லின் மணியை அழுத்தியது மட்டுமில்லை, கதவைத் திறந்து தாழ்வாரம் முழுக்கக் கேட்கக் கத்தினார். "பா மான்ஜே! முசியே பா மான்ஜே!" சாப்பிடவில்லை, சாப்பிடவில்லை என்று.

தாதி ஓடிவந்து விரலில் குத்தினார். எண்ணைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. நான் பழக்கத்தில் பையைத் திறந்து இனிப்புத் தேடினேன். அதற்குள் அவர் குளுக்கோஸை ஊசிமூலம் ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில், மின்சாரம் நின்ற வீட்டில் விளக்கு வந்ததுபோல, இவருடைய கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தார். "நீர் எப்ப வந்தனீர்?" என்று என்னைக் கேட்டார்.

மருத்துவர் வந்து கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, டொக்டர்."

"வெள்ளிக்கிழமை என்றால்?"

"வெள்ளிக்கிழமை விரதம். முருகனுக்கு. பின்னேரம்தான் பாலும் பழமும் எடுப்பார்."

"நோன்பு பிடிப்பாரா என்று உங்களிடம் கேட்டேனே!"

"நீங்கள் ரமழான் எண்டுதான் கேட்டனீங்கள். இது நோன்பில்லை டொக்டர், இது விரதம்."

மருத்துவர் பேனையை எடுத்தார். பிறகு, இப்படி எத்தனை நாள் என்று கேட்டார். எல்லா வெள்ளியும், மாதச் சஷ்டி, கார்த்திகை, பிறகு கந்தசஷ்டி ஆறு நாளும் என்று நான் அடுக்கிக்கொண்டே போக அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடிவிட்டார். பாலத்துக்குக் கீழே நின்றது கந்தசஷ்டி நடுவில்தானா? ஓம். கூசேன்வில் போனது? யோசித்துப் பார்த்தேன், அன்று கோயிலுக்குப் போய்த் திரும்பியவர், ஆகவே வெள்ளிதான். விரத நாளிலும் காலைக் குளிசை போடுவாரா? இதற்கு இவரே பெருமையாகப் பதில் சொன்னார். "குளிசை மருந்து. ஒரு மிடறு தண்ணியோடை போட்டா விரதம் முறியாது."

மருத்துவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். இந்தக் குளிசை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுகிற வகை. நீங்கள் சாப்பிட்டீர்களா, சாமி கும்பிட்டீர்களா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. வயிறு வெறுமையாக இருந்தால் இரத்தத்தில் இருக்கிற சீனியையும் இறக்கிவிடும். மூளை சீனி இல்லாமல் ஓடாது. அப்படி இறங்குகிற ஒவ்வொரு தடவையும் குழப்பம், வியர்வை, ஆளை அடையாளம் தெரியாமல் போவது. வயதானவர்களுக்குத் திரும்பத் திரும்ப இறங்கினால் ஞாபகமே அடிபடும். விரதம் முறிக்கிறபோது வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் ஒன்றாகப் போவதால் சராசரி மட்டும் கூடித் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துக் குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள். தேநீர்க் கதையையும் சொன்னேன். இனிப்புக் கொடுத்தது சரி, அவரைக் காப்பாற்றியதே அதுதான், ஆனால் கொடுத்ததைச் சொல்லியிருக்கவேண்டும் என்றார். அப்போது எனக்குக் கோபிக்க ஒருவரும் கிடைக்கவில்லை. அந்தத் தம்பியையா கோபிப்பது, முருகனையா, குடும்ப மருத்துவரையா? எல்லோரும் நல்லதைத்தான் செய்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் முசியே லின்னுக்கு இன்சுலின் கூட்டிப் போடவேண்டி வந்தது. மதாம் லின்னிடம் போய், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் கையைத் தட்டினார். "உங்க மனுசன், சாப்பாடு குடுக்கிறது. என் மனுசன், சாப்பாடு எடுக்கிறது. ரெண்டும் விசர்," என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றி, அவருக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல்லில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம்.

குளிசையை மாற்றி, பசியிலும் சீனியை அப்படி இறக்காத வேறு மருந்து தந்து வீட்டுக்கு விட்டார்கள். இனி விரதம் கூடாது என்று கடுமையாகச் சொன்னார்கள். சொல்வது அவர்களுக்குச் சுகம். கோயில் ஐயரிடமே கேட்டேன், மருந்து எடுக்கிறவைக்கு விரதத்தில் விலக்கு இருக்கு என்றார். இவர் அதற்கும் அசையவில்லை, நெருக்கிக் கேட்டபோதுதான் காரணம் வெளியே வந்தது. ஆரணி மாதம் முந்திப் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவில் கிடந்தாள். அப்போது வைத்த நேத்திக்கடன் இந்த வெள்ளிக்கிழமைகள். நேத்தியை விட்டால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்று உள்ளுக்குள் நடுங்குகிறார். இதை எனக்கே அவர் இவ்வளவு வருடமாகச் சொல்லவில்லை, பக்தி என்றுதான் நான் நக்கலடித்துக்கொண்டிருந்தேன்.

ஆரணிக்கு இது தெரிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். அன்று தகப்பனுக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, தேடித் தேடித் தமிழில் பேசினாள்.

"அப்பா, என்னைப் பாருங்கோ. நான் பெரிசு. நான் உயிரோடை இருக்கிறன். நேத்தி வேலை செஞ்சுது. முடிஞ்சுது. காணும் அப்பா, போதும்."

அடுத்த வெள்ளி காலையில் பாணும் முட்டையும் வைத்தேன். இவர் நெடுநேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவாமிப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

மாசி மாதம் மறுபடி சோதனைக்கு வரச் சொன்னார்கள். மருத்துவமனை இந்தத் தடவை தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தது. காத்திருக்கும் இடத்தில் லின் தம்பதிகளைக் கண்டேன். முசியே லின் மெலிந்திருந்தார், சிரிப்பு மட்டும் அப்படியே. மதாம் லின் என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். இப்போது முசியே லின்னுக்கு மனைவியைத் தெரியாது, வீட்டுக்கு வந்துபோகிற அன்பான பெண் ஒருத்தி என்று நினைக்கிறார். பிரெஞ்சு போய், பொதுச் சீனமும் போய், பிறந்த ஊர்ப் பேச்சுத்தான் மிச்சம், இடைக்கிடை பிரெஞ்சில் ஒன்றிரண்டு சொல். பிள்ளைகள் முதியோர் இல்லத்தில் விடச் சொல்கிறார்கள். "அங்கே அவர் பேச்சு யாருக்குத் தெரியும்? பசி என்றாலும் விளங்காது," என்றார். நான் அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். நான் இவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன், முதுகு மட்டும் தெரிந்தது. கிழமை சொன்னார், மாதம் சொன்னார். மூன்று சொல்லில் இரண்டைத் திருப்பிச் சொன்னார். கழித்தல் கணக்கில் தடுமாறினார். கடைசியாக மருத்துவர் வெள்ளைத் தாளைக் கொடுத்து, மனதில் வருகிற ஒரு முழு வசனத்தை எந்த மொழியிலாவது எழுதச் சொன்னார். இவர் குனிந்து எழுதினார். எழுதியதை மொழிபெயர்ப்பாளர் வாங்கிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். "எனக்குப் பசிக்குது."

மருத்துவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மத்தியானம் தாண்டிவிட்டது. அவரும் சிரித்துவிட்டார். முன்பைவிட நன்றாகத் தேறியிருக்கிறார், ஆனால் முழுவதும் இல்லை, பழைய தழும்புகள் செய்தது அப்படியே இருக்கும், அது கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு அது காணும். இந்த மனுசன் தனக்குப் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

வெளியே வந்ததும் மதாம் லின் எழும்பிவந்தார். "உள்ளே என்ன சிரிப்பு?"

சொன்னேன். ஒரு வசனம் எழுதச் சொன்னார்கள், பசிக்கிறது என்று எழுதினார் என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஒரு சொல் முசியே லின்னுக்கும் விளங்கிவிட்டது. தலையை நிமிர்த்தி, எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்து, பிரெஞ்சில் சொன்னார்.

"எனக்கும். எனக்கும்."

"இப்பதான், மெட்ரோவில, இரண்டு பணிஸ் சாப்பிட்டது," என்றார் மதாம் லின். சிரிப்பு அவருடைய முகத்தில் பாதியிலே நின்றுவிட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன். எங்களுக்குத் திரும்பிக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ நான் பறித்துக்கொண்டதுபோல.

இவர் போய் முசியே லின்னுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். மதாம் லின் கைப்பையில் துழாவி ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து இரண்டாகப் பிய்த்தார். இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். அவர் தன் புருசனுடைய கையைப் பார்த்தார், பிறகு முதல் பாதியை என் கணவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"இவருக்கு முதல்," என்றார் என்னிடம். "இவருக்கு உண்மையான பசி."